மடி கட்டாத வலை

திருவள்ளூர்
12-1-1974

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி லோகநாதன் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். நீயும் மாமாவும் குழந்தை கோவிந்தம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? உனக்கு இருமல் என்று எழுதியிருந்தாயே, கஷாயம் குடித்தாயா, இல்லை வழக்கம்போல ஊருக்கெல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டாயா?

பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. எங்கள் கல்லூரியில் ஒரு படம் எடுக்கப்போகிறோம். பாட்டும் சண்டையும் உள்ள படம் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லித்தரும் பன்னிரண்டு நிமிஷப் பாடப்படம். 'ஏரியும் இறாலும்' என்று பெயர் வைத்திருக்கிறோம். கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கிற இடத்தில் இறால் எப்படி வளர்கிறது, எப்படிப் பிடிபடுகிறது என்பதுதான் பாடம். எந்த ஏரி என்று நீயே சொல்லிவிடுவாய். நம் பழவேற்காட்டு ஏரிதான். எந்த ஊர் என்று பேச்சு வந்ததும் நான் எழுந்து, "ஓரத்திட்டுக் குப்பம் சார், என் சொந்த ஊர்" என்றேன். அந்த நிமிஷத்திலிருந்து நான்தான் காமிராக்காரன்.

படத்துக்குப் பொறுப்பு பேராசிரியர் எம்பார். வீரராகவப் பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பம். இறாலைக் கண்ணால் பார்த்ததில்லை, வாயால் பெயரும் சொல்லமாட்டார். "அந்த ஜீவனுக்கு எத்தனை கால், லோகநாதன்?" என்றுதான் கேட்பார். ஆனால் மனிதர் வேலையில் புலி. ஒவ்வொரு காட்சியையும் ஒரு போஸ்ட் கார்டில் எழுதிச் சுவர் முழுக்க குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறார். மொத்தம் ஐம்பத்திரண்டு. கார்டு பறக்கும் என்று ஒரு வாரமாக எங்கள் அறையில் ஃபேன் ஓடவில்லை.

முப்பத்தொன்றாவது கார்டுதான் படத்தின் உயிர். முகத்துவாரத்தில் கழி நட்டு வலை கட்டுகிற காட்சி. அதை மாமாதான் செய்து காட்டவேண்டும். பிப்ரவரி 22, 23, 24 மூன்று நாளைக்கு மதராஸிலிருந்து காமிரா இரவல் கிடைக்கிறது. ஞாயிறு 24ஆம் தேதி காலை வலைக் காட்சி என்று எம்பார் சார் குறித்துவிட்டார். மாமாவிடம் சொல்லி வை.

உன் அன்புத் தம்பி,
லோகநாதன்


ஓரத்திட்டுக் குப்பம்
25-1-1974

ஆசைத் தம்பி லோகுவுக்கு அக்கா கனகாம்பாள் ஆசீர்வாதம்.

எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம். இருமல் போய்விட்டது. கோவிந்தம்மா கையில் இரண்டு மரு வந்திருக்கிறது. உங்கள் ஊர்க் கோயில் குளத்தில் அவள் பேரைச் சொல்லிக் கொஞ்சம் வெல்லம் கரைத்துவிடு. அமாவாசைக் கூட்டத்தில் போய் மாட்டிக்கொள்ளாதே, வேறு நாள் பார்த்துப் போ.

படம் எடுப்பது கேட்டு எனக்கு ஒரே சந்தோஷம். உன் கடிதத்தை மூன்று வீட்டில் படித்துக் காட்டினேன். நாலாவது வீட்டுக்காரி தானே வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

ஆனால் தம்பி, நீ குறித்த தேதி நம் பாடு இல்லை. நம் முறை 27ஆம் தேதி, புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அரசப்பன் பாடு. அவன் பாட்டில் நாம் எப்படிக் கழி நடுவது? அதுவும் காலையில் எதற்கு? இருட்டி, தண்ணீர் வடியும்போதுதானே இறால் இறங்கும். நீ பன்னிரண்டு வயசில் ஹாஸ்டலுக்குப் போனவன்தான், அதற்காக இதுகூடவா மறந்துபோகும்? புதன்கிழமை வரச் சொல்லு உன் சாரை.

போன சித்திரையில் பாட்டுக்குச் சீட்டுப் போட்டபோதும், எல்லாப் பேரும் வாசித்த பிறகு நோட்டைத் திருப்பி, காத்திருக்கிறவர்களோடு உன் பேரை வாசித்தார்கள். அப்பா போய்ப் பதினாறு வருஷமாகிறது. அவர் இடம் இன்னும் உனக்காகத்தான் காத்திருக்கிறது. கல்யாணம் ஆனால் மறு சித்திரையே உன் பேரில் சீட்டு விழும். நீ வலை போடப் போகிறாயோ இல்லையோ, ஊரில் அப்பா பேருக்கு ஓர் இடம் இருக்கவேண்டும். வாசிக்கும்போது தூரத்தில் நின்று கேட்டுவிட்டுத்தான் நான் அடுப்பையே மூட்டுவேன். ஐம்பத்திரண்டு கார்டு எழுதுகிற உன் சார், உனக்குப் பொண்ணு பார்க்க ஒரு கார்டு எழுதக் கூடாதா?

ஆசீர்வாதத்துடன்,
அக்கா கனகாம்பாள்


திருவள்ளூர்
2-2-1974

அன்புள்ள அக்கா,

நலம். உன் நலத்துக்குப் பெருமாளை வேண்டிக்கொண்டு, குளத்தில் கால் கிலோ வெல்லமும் கரைத்துவிட்டேன். மரு போகாவிட்டால் வெல்லம் விற்றவனைத்தான் கேட்கவேண்டும்.

புதன்கிழமை முடியாது அக்கா. காமிரா ஞாயிறு சாயங்காலம் மதராஸுக்குத் திரும்பியாகவேண்டும். இருட்டில் எடுக்கவும் முடியாது. இந்த ஃபிலிமுக்கு நல்ல வெயில் வேண்டும். மொத்தம் எட்டு ரோல்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ரோல் மூன்று நிமிஷம்கூட ஓடாது. பகலில் இறால் இறங்காது என்பதை எம்பார் சாரிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால் கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஊர் பார்ப்பார்.

நான் ஒரு வழி யோசித்துவிட்டேன். மாமா நாலு கழியை நடட்டும், வலையை விரிக்கட்டும். இறால் போய் விழுகிற மடிப்பையை மட்டும் கட்டவேண்டாம். மடி கட்டாத வலையில் என்ன நிற்கும்? ஒரு பொடியும் நிற்காது. மீன் பிடிக்காத வலை எப்படி வலையாகும்? அது நாடகத்துக்குக் கட்டுகிற திரை மாதிரி. ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாம். அரசப்பன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்னேரிச் சந்தைக்குப் போகிறவர்தானே. அவரிடம் சொல்லிப் பெரிதுபடுத்தவேண்டாம்.

எனக்காக அக்கா. இதுவரை மாமாவிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

லோகநாதன்


திருவள்ளூர்
10-3-1974

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

உங்கள் வீட்டுச் சாப்பாட்டின் தெம்பில் இன்னும் சுகமாக இருக்கிறேன். போன கடிதத்துக்குப் பதிலே வரவில்லை என்று பயந்துகொண்டுதான் வந்தேன். வந்து பார்த்தால் மாமா கழிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு தயாராக நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் என்றைக்குப் பேசினார்?

ஃபிலிம் மதராஸில் கழுவி வந்துவிட்டது. நேற்று கல்லூரியில் போட்டுப் பார்த்தோம். அக்கா, முப்பத்தொன்றாவது காட்சி! தண்ணீர் பூராவும் வெயில் தகதகக்கிறது. மாமா இடுப்பளவு தண்ணீரில் நின்று முழு பலத்தையும் போட்டுக் கழியை இறக்குகிறார். முதுகு மட்டும்தான் தெரிகிறது. நான் முகத்தைக் காட்டச் சொல்லி எவ்வளவு கத்தினேன், திரும்பினாரா? ஆனால் அந்த முதுகே போதும். எம்பார் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சேற்றில் வழுக்கி விழுந்தாரே, அந்த வேட்டி இன்னும் வெளுக்கவில்லையாம். அவர் வீட்டில் அந்த வேட்டியைக் கொல்லைப்பக்கமே வைத்திருக்கிறார்களாம்.

இனி துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, அதற்கேற்ப விளக்கவுரை எழுதி, டேப் ரிக்கார்டரில் என் குரலில் பதியவேண்டும். பாடு பற்றி இப்படி எழுதியிருக்கிறேன், சரியா பார்: 'இந்த ஊரில் முகத்துவாரத்தில் வலை கட்டும் உரிமை முறை வைத்து வருகிறது. சித்திரையில் தலைக்கட்டு எனப்படும் மணமான குடும்பத் தலைவர் எல்லாருடைய பெயரையும் குடத்தில் போட்டுச் சீட்டு எடுப்பார்கள். யார் முன், யார் பின் என்பதுதான் அதிர்ஷ்டம். ஒருவர் பெயரும் விடுபடாது. ஒருவர் முறையில் இன்னொருவர் வலை கட்டுவதில்லை.'

கடைசி வரியை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. சீக்கிரம் பதில் போடு.

லோகநாதன்


ஓரத்திட்டுக் குப்பம்
11-5-1974

தம்பி லோகுவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும். பதில் எழுத நாளாகிவிட்டது. வேலை சரியாக இருந்தது.

சித்திரைச் சீட்டுப் போட்டார்கள். இந்த வருஷம் நம் வீட்டுக்குச் சீட்டு இல்லை. போகட்டும். உன் பேரை வாசித்தார்கள். கேட்டேன்.

கோவிந்தம்மா மரு ஒன்று உதிர்ந்துவிட்டது. மாமா உன்னை விசாரித்தார்.

கனகாம்பாள்


திருவள்ளூர்
20-6-1974

அன்புள்ள அக்கா,

நான் நலம். உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. கை வலியா, கோபமா?

சீட்டு இல்லை என்றால் என்ன அர்த்தம்? கடைசியாகப் பேர் வந்து, நாள் தள்ளிப்போய்விட்டதா? ஒரு வருஷம் அப்படித்தான் ஆகும், மாமாவைக் கவலைப்படவேண்டாம் என்று சொல்லு.

எனக்கு இன்னும் ஓர் உதவி. படம் முக்கால் பங்கு முடிந்துவிட்டது. கழியில் கயிறு சுற்றுகிற மாமாவின் கை மட்டும் பெரிதாகத் தெரிகிற மாதிரி ஒரு காட்சி வேண்டும் என்கிறார் எம்பார் சார். கரையில் வைத்தே எடுத்துவிடலாம். இரண்டு ரோல் மிச்சம் வைத்திருக்கிறேன். ஆவணியில் வரட்டுமா?

நவம்பரில் மதராஸில் பாடப்படங்களுக்குப் போட்டி. ஜெயித்தால் மாமா கழி நடுவதை ராஜ்யம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பார்ப்பார்கள்.

லோகநாதன்


கவரைப்பேட்டை
2-9-1974

தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம்.

மேலே ஊர்ப் பேரைப் பார்த்துப் பயப்படாதே. ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஓர் அறை எடுத்து வந்திருக்கிறோம். உன் மாமா தினமும் ரயிலில் கும்மிடிப்பூண்டி போகிறார். அங்கே புதிதாக ஏதோ கம்பெனி கட்டுகிறார்கள், கலவை போட ஆள் எடுக்கிறார்கள். ஏரியையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிற்று. நாலு ஜனம், கடை, ரயில் என்று இங்கே நன்றாகத்தான் இருக்கிறது. கோவிந்தம்மாவுக்கு ரயில் வண்டியின் நேரமெல்லாம் மனப்பாடம்.

கையைப் படம் எடுக்க இப்போது வரவேண்டாம். சிமெண்ட் பட்டு மாமாவுக்கு விரலெல்லாம் வெடித்திருக்கிறது. படத்துக்கு நன்றாக இருக்காது. தேங்காய் எண்ணெய் போடுகிறேன்.

தீபாவளிக்கும் நீ அலையவேண்டாம். அங்கேயே சாப்பிட்டுக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

கனகாம்பாள்


ஓரத்திட்டுக் குப்பம்
18-11-1974

லோகநாதனுக்கு அரசப்பன் சொல்லச் சொல்ல, தபால்கார ஜெயராஜ் எழுதுவது.

நல்லாகீறியா நைனா? இங்க எல்லாரும் கீறோம். நான் இன்னாத்துக்கு லெட்டர் போடறேன்னு பாக்குறியா? நேத்து கும்மிடிப்பூண்டி போயிருந்தேன். உங்க மாமன பாத்தேன். தலையில சட்டிய வச்சிக்கினு சாரத்துல ஏறிக்கினு கீறான். என்ன பாத்ததும் சிரிச்சான். நாஷ்டா வாங்கிக் குடுத்தான். ஒரு பேச்சு பேசல. ஊட்டுக்கு வந்து எனக்குச் சோறு எறங்கல. அதான்.

உனக்குத் தெரியுமோ தெரியாதோ. எம் பாட்டுல அவன் கழி நட்டான்னு ஊர் கூடி மூணு வருசம் சீட்டுலேர்ந்து தள்ளி வச்சிட்டாங்க. நான் பிராது சொல்லல. சத்தியமா சொல்லல. அன்னிக்கு எம் வலையில எப்பவும் வர்ற மாதிரிதான் வந்துச்சு. ஆனா ஜீப்பு வந்து, பாதி ஊரு கரையில நின்னு வேடிக்கை பாத்துச்சே. 'மடி கட்டல, அது வெறும் வலை'ன்னு நானே கூட்டத்துல சொல்லிப் பாத்தேன். 'கழி எறங்கிச்சா இல்லியா?'ன்னு கேட்டாரு தலைவரு ராஜமாணிக்கம். கழி எறங்குனா வலை கட்டுனதுதான். நம்ம வழக்கம் அது. நான் மன்னிச்சாலும் ஊரு மன்னிக்காது.

யாரு சொல்லி நட்டேன்னு கேட்டாங்க. உங்க மாமன், 'யாரும் சொல்லல, படத்துல எம் மூஞ்சி தெரியணும்னு ஆசைப்பட்டு நானே போட்டேன்'னான். ஊரே சிரிச்சிச்சு. எனக்குச் சிரிப்பு வரல. பொண்ணு பாக்க வந்தப்பக்கூட தலைய நிமுத்தாத ஆளு. அவனுக்கு மூஞ்சி தெரியணுமாம்!

சீட்டுல கீறவன் தப்பு பண்ணா மூணு வருசம். உன்ன மாதிரி காத்துக்கினு கீறவன் சொல்லித் தப்பு நடந்துச்சுன்னா அவன் பேரயே நோட்டுலேர்ந்து அழிச்சிடுவாங்க. அப்புறம் எப்பவும் இல்ல. அதுக்காவத்தான் அவன் வாயத் தெறக்கலன்னு எனக்குத் தோணுது. நீ கேட்டியா கேக்கலியா, எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். எம் மனசு பேஜாரா போச்சு, சொல்லிட்டேன்.

இப்படிக்கு அரசப்பன், கைநாட்டு.


திருவள்ளூர்
1-12-1974

அக்கா,

நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அரசப்பன் அண்ணன் எல்லாம் எழுதிவிட்டார். 'ஏரி அலுத்துப்போயிற்று' என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? அதைப் படித்துவிட்டு, 'அக்கா டவுனுக்குக் குடிபோய்விட்டாள்' என்று ஹாஸ்டலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

எனக்கு வழக்கம் மறந்துபோகவில்லை அக்கா. அதுதான் உண்மை. கழி நடக் கூடாது என்று தெரியும். தெரிந்ததால்தான் அரசப்பன் அண்ணனிடம் சொல்லவேண்டாம் என்று எழுதினேன். படித்த திமிர். எட்டு ரோல் ஃபிலிமும் ஒரு காமிராவும் கைக்கு வந்ததும் ஊர் வழக்கமெல்லாம் எனக்காக ஒரு மணி நேரம் ஒதுங்கி நிற்கும் என்று நினைத்துவிட்டேன்.

எம்பார் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னார்: "எங்காத்துக்கும் கோயில்ல முறை உண்டுப்பா. சித்தப்பா முறையில எங்கப்பா ஒருநாள் தீர்த்தப் பாத்திரத்தை எடுத்துட்டார். பதினோரு வருஷம் அண்ணன் தம்பிக்குள்ள பேச்சில்லை. நீ ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா, புதன்கிழமைக்கும் காமிரா தாங்கோன்னு நான் கெஞ்சிக் கேட்டிருக்கமாட்டேனா?"

கேட்டிருப்பார். கிடைத்தும் இருக்கும். எனக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை.

அந்த ஜீவன் ராத்திரியில்தான் இறங்கும் என்பதையும் சொல்லிவிட்டேன். அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. "பகல்ல இறங்கறதுன்னு பிள்ளைகளுக்குப் பொய்யையா பாடமா நடத்தறது?" என்று எழுந்துபோய் முப்பத்தொன்றாவது கார்டைச் சுவரிலிருந்து எடுத்தார். காட்சியை நானே கத்தரித்தேன். போட்டிக்கு அனுப்பவில்லை. பிரின்ஸிபாலுக்கு வருத்தம்தான், எம்பார் சார் சமாளித்துக்கொள்கிறார்.

பொங்கல் கழித்து ஊர்க்கூட்டம் வருகிறதல்லவா, நான் போய்ச் சொல்லப்போகிறேன். நான் கேட்டுத்தான் மாமா கழி நட்டார் என்று. உன் கடிதங்களும் என் கடிதங்களும் சாட்சி. மாமாவிடம் மட்டும் சொல்லாதே.

லோகநாதன்


கவரைப்பேட்டை
6-12-1974

லோகு,

போகாதே. உன் மாமா மூன்று வருஷம் கலவை சுமந்தால் தீர்ந்துபோகும். ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் இரண்டுதான். உன் பேர் போனால் போனதுதான். அப்பா பேர் சொல்ல அங்கே வேறு யார் இருக்கிறார்கள்? உன் கடிதத்தையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டேன். உனக்குச் சாட்சி இல்லை. என் மேல் ஆணை, போகாதே.

அக்கா


திருவள்ளூர்
3-2-1975

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் நமஸ்காரம்.

எல்லோரும் நலமாக இருக்கவேண்டும். உன் ஆணையை மீறிவிட்டேன். திட்டுவதென்றால் நேரில் திட்டு, கார்டில் திட்டினால் தபால்காரன் படித்துவிடுவான்.

நேற்று கூட்டத்துக்குப் போனேன். எம்பார் சாரும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தார். கோயிலுக்கு எதிரே மணலில் துண்டைக்கூட விரிக்காமல் உட்கார்ந்தார். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். நாலு வரி சொல்வதற்குள் மூன்று தடவை தடுமாறினேன். கல்லூரியில் இருநூறு பேருக்கு முன்னால் மைக் பிடித்துப் பேசுகிறவன் நான்.

ராஜமாணிக்கம் மாமா பேரைச் சொல்லிக் கேட்டார்: "அப்ப செங்கல்வராயன் ஊருக்கு முன்னால பொய் சொன்னானா?" அதற்கும் சேர்த்துத் தண்டித்துவிடுவார்களோ என்று நினைத்தேன். அரசப்பன் அண்ணன்தான் எழுந்தார். "மச்சான் பேர காப்பாத்த சொல்லிக்கினான் தலைவரே. நீ இருந்தா சொல்லியிருக்கமாட்டியா? ஒரு வருசம் சீட்டு இல்லாம, ஊர உட்டே போய்க் கஷ்டப்பட்டான், அது போதும்" என்றார். வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் வரும் சித்திரையிலிருந்து மாமா பெயர் சீட்டில் சேரும் என்று முடிவாயிற்று.

பிறகு நோட்டை எடுத்து வரச் சொன்னார்கள். என் பெயரை என் எதிரிலேயே அடித்தார் ராஜமாணிக்கம். அடித்துவிட்டு, "படிச்ச பையன், உனக்கு எதுக்குடா ஏரி, போய் நல்லாயிரு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. பஸ் ஏறும்வரைக்கும் அப்பாவை நினைத்துக்கொண்டே வந்தேன்.

எம்பார் சார் கிளம்பும்போது தலைவரிடம் போய், சித்திரைச் சீட்டைப் படம் எடுக்க அனுமதி கேட்டார். பட்டப்பகலில் நடப்பது, யார் முறையிலும் கை வைக்காதது, பொய்யும் இல்லாதது. இந்தத் தடவை முதலில் கேட்டோம், பிறகுதான் கார்டு எழுதினோம். சரி என்றார்கள்.

சாமான்களைக் கட்டு அக்கா. ஊருக்குப் போ.

லோகநாதன்


ஓரத்திட்டுக் குப்பம்
9-8-1975

என் ஆசைத் தம்பி லோகுவுக்கு,

அக்கா ஆசீர்வாதம். நாங்கள் சுகம். மாமா கை ஆறிவிட்டது. போன வாரம் நம் பாட்டில் நல்ல இறால். அரசப்பன் பெண்சாதி வந்து பார்த்துவிட்டுக் கண் வைத்துவிட்டுப் போனாள்.

நேற்று நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உன் படத்தைப் போட்டார்கள். எம்பார் சார் வந்திருந்தார். பட்டப்பகலில் படம் தெரியாது என்று ஜன்னலுக்கெல்லாம் பாய் கட்டிவிட்டார்கள். உள்ளே வேகிற சூட்டில் ஊரே உட்கார்ந்திருந்தது. உனக்குப் பரீட்சை வேலை, வரமுடியாது என்று எழுதியிருந்தாய். ஆடி மாசத்தில் என்ன பரீட்சை நடக்கிறது உங்கள் கல்லூரியில்? போகட்டும், நான் கேட்கவில்லை.

டேப்பில் உன் குரல் வந்ததும் கோவிந்தம்மா பின்னாலே திரும்பித் திரும்பிப் பார்த்தாள், நீ அங்கே எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாய் என்று. இறாலுக்கு ஐந்து ஜோடிக் கால் நடக்க, ஐந்து ஜோடி நீந்த என்று நீ சொன்னபோது, "எண்ணிப் பாத்தானா இவன்?" என்று பெரியவர்கள் சண்டை போட்டார்கள். ராத்திரியில் இறங்கும் இறாலைப் படம் பிடிக்க முடியாது, ஆகையால் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறோம் என்று சொன்னாய். நல்லது. எல்லாருக்கும் புரிந்தது.

கடைசியில் சீட்டு. குடத்தில் கை விட்டு ராஜமாணிக்கம் ஒவ்வொரு சீட்டாக எடுக்கிறார். தன் மீசை பெரிதாகத் தெரிகிறது என்று அவருக்கே கூச்சம். ஆறாவது சீட்டு உன் மாமாவுடையது. முகம் முழுக்கத் தெரிந்தது, தலை குனிந்தபடியே. "இப்ப தெரியுதுடா மூஞ்சி!" என்று ஒருத்தன் கத்தினான், எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதற்குப் பிறகு நோட்டைத் திருப்பிக் காத்திருக்கிற பேர்களை வாசிக்கிற இடம். படத்தில் அவர் சத்தம் இல்லை, உன் பேச்சும் அங்கே இல்லை, வாய் அசைவது மட்டும்தான். முன்னெல்லாம் மூன்று பேர். இப்போது இரண்டு. இரண்டாவது பேரை வாசித்து நோட்டை மூடினார். அந்த இடத்தில் படம் கிடுகிடுவென்று ஆடியது. காமிராவுக்கு முறுக்கின சாவி தீர்ந்திருக்கும், அதனால் என்று எம்பார் சார் எழுந்து எல்லாருக்கும் சொன்னார். நல்ல மனுஷன். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அது உன் கை என்று.

உன் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அந்த நிமிஷம் போய்விட்டது, தம்பி. வாய் மூடி இருக்க முடியவில்லை. 'லோகநாதன்' என்று சொன்னேன். முணுமுணுக்கவில்லை, ஊர் கேட்கச் சொன்னேன். உன் மாமா திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா கனகாம்பாள்